நிலவு கட்டிய கோட்டை
அறிஞர் இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்களின் வாழ்க்கை வரலாறு

இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறோம். பிறை வளர்ந்து முழு நிலவாகும் நாள். வானத்தில் மெல்லிய வெண்திரை விரித்தாற்போல ஒரு மேகம். நடுவில் நிலவு. அதைச் சுற்றி, வெகு தூரத்தில், திகிரி கொண்டு வரைந்தது போன்ற ஒரு பெரிய வெள்ளை வட்டம். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்கிறார் ஒருவர். மழை வரும் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இது நல்லதற்கல்ல, யாரோ ஒரு பெரிய மனிதர் மவுத்தாகப் போகிறார் என்கிறார். வீட்டுக்குள் போனதும் பெண்கள் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்கிறார்கள்.

அன்புள்ள வாசகர்களே! அந்த வட்டத்துக்கு அரபு மொழியில் ஹாலா என்று பெயர். சற்றேறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதே வட்டத்தை அண்ணாந்து பார்த்த ஒரு முஸ்லிம் அறிஞர் பயந்து வீட்டுக்குள் ஓடவில்லை. இது எதனால் உண்டாகிறது என்று கேட்டார். எழுதுகோலை எடுத்தார். அதைப் பற்றித் தனியாக ஒரு கிதாபே எழுதி வைத்தார். அவர்தாம் அபூ அலீ அல் ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைதம் அவர்கள். மேனாட்டார் அவரை அல்ஹஸன் என்று சிதைத்து அழைக்கின்றனர். அவருடைய வரலாறு நம் இல்லங்களில் பேசப்பட வேண்டிய வரலாறு. அவருடைய வெற்றிகளுக்காக மட்டுமல்ல, அவர் தவறிய இடங்களுக்காகவும் அது பேசப்பட வேண்டும்.

பஸராவின் மைந்தர்

இப்னுல் ஹைதம் அவர்கள் ஹிஜ்ரி 354-ஐ ஒட்டி, அதாவது கி.பி. 965 வாக்கில், இராக்கிலுள்ள பஸரா நகரில் பிறந்தார்கள். இமாம் ஹஸன் பஸரீ (ரஹ்), ராபியத்துல் பஸரிய்யா (ரஹ்) போன்ற பெரியார்களால் பெயர் பெற்ற ஊர் அது. அரபு இலக்கணத்துக்கும் மார்க்க விளக்கங்களுக்கும் பேர்போன அந்த நகரில் கணிதமும் வான நூலும் மருத்துவமும் கற்கவும் வழி இருந்தது. யூக்ளிடின் கணிதமும் தாலமியின் வான நூலும் அதற்கு முன்பே அரபு மொழிக்கு வந்துவிட்டன. இளைஞரான இப்னுல் ஹைதம் இவற்றையெல்லாம் ஆழ்ந்து கற்றார்கள். அரசாங்க வேலை ஒன்றிலும் அமர்ந்திருந்ததாகச் சில வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஆனால் அவர்களது மனம் முழுவதும் இல்மிலேயே இருந்தது.

சொல்லிவிட்ட ஒரு வார்த்தை

இனி வரும் நிகழ்ச்சியைத் தமது நூலில் எழுதி வைத்தவர் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் கிப்தீ என்னும் வரலாற்றாசிரியர். அக்காலத்தில் மிஸ்ரு நாட்டை ஃபாத்திமிய்யாக்களின் மன்னர் ஹாகிம் பி அம்ரில்லாஹ் ஆண்டுகொண்டிருந்தார். கி.பி. 996 முதல் 1021 வரை அவர் ஆட்சி நடந்தது. அறிஞர்களை ஆதரிப்பதில் ஆர்வமுள்ளவர்தாம். ஆனால் கோபம் வந்தால் அமைச்சர்களின் தலையும் தப்பாது.

மிஸ்ரு நாட்டின் வாழ்வெல்லாம் நீல நதியில்தான். வெள்ளம் மிகுந்தால் ஊர் மூழ்கும். நீர் குறைந்தால் பஞ்சம் தலை காட்டும். பஸராவில் இருந்த நம் அறிஞர், தாம் மட்டும் மிஸ்ரில் இருந்தால், நீர் பெருகும் காலத்திலும் குறையும் காலத்திலும் அந்த நதியால் மக்களுக்குப் பயன் உண்டாகும்படி ஒரு வேலை செய்து காட்டியிருப்பேன் என்று சொல்லிவிட்டார்கள். நதியைக் கண்ணால் பார்க்காமலே சொன்ன வார்த்தை! காற்று வாக்கில் போன அந்த வார்த்தை மன்னரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. பொருள் அனுப்பி அழைத்தார். அறிஞர் புறப்பட்டு வந்தபோது, மன்னரே காஹிராவின் எல்லை வரை எதிர்கொண்டு வந்து வரவேற்றார். மரியாதை பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகியது.

ஆட்களையும் கட்டட வேலை தெரிந்தவர்களையும் அழைத்துக்கொண்டு நதியின் போக்கிலேயே தெற்கு நோக்கிப் பயணமானார்கள். வழி நெடுகப் பழங்கால மிஸ்ரு மக்கள் கட்டிய மாபெரும் கட்டடங்கள். அவற்றின் அளவும் அமைப்பும் கணிதத் திறமையும் நம் அறிஞரை வியக்க வைத்தன. வியப்போடு ஓர் அச்சமும் உள்ளே புகுந்தது. இவ்வளவு தெரிந்தவர்களுக்கு நதியைக் கட்டுப்படுத்தும் எண்ணம் தோன்றாமலா இருந்திருக்கும்? முடிந்திருந்தால் அவர்களே செய்திருப்பார்களே! அஸ்வானுக்குத் தெற்கே ஜனாதில் என்ற இடத்தை அடைந்து, நதியின் இரு கரையையும் நீரின் போக்கையும் ஆராய்ந்து பார்த்தார்கள். தாம் மனத்தில் வரைந்து வைத்திருந்த திட்டம் அங்கே நடவாது என்று தெளிவாகிவிட்டது.

அதே அஸ்வான் பகுதியில்தான் ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து 1902-ல் ஓர் அணையும், 1970-ல் அதைவிடப் பெரிய அணையும் கட்டி முடிக்கப்பட்டன. எண்ணம் பிழையானதல்ல. அந்தக் காலத்துக் கருவிகளாலும் கைகளாலும் அது முடியாத காரியமாக இருந்தது.

இப்போது அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. வேலையைத் தொடங்குவதாகப் பாவனை செய்து, பைத்துல் மாலின் பணத்தையும் ஏழைத் தொழிலாளர்களின் உழைப்பையும் ஆற்றில் கரைத்து, காலத்தைக் கடத்தலாம். அல்லது திரும்பிப் போய், தம்மால் முடியாது என்று மன்னரின் முகத்துக்கு நேரே சொல்லலாம். அவர் இரண்டாவதைச் செய்தார்கள். வெட்கத்தோடு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார்கள். மன்னர் அதை ஏற்றுக்கொண்டு ஓர் அலுவலகப் பொறுப்பைக் கொடுத்தார். விருப்பத்தால் அல்ல, பயத்தால் அந்த வேலையை ஏற்றார்கள். எந்த நேரத்தில் மன்னரின் மனம் மாறுமோ என்ற அச்சம் தூங்க விடவில்லை. முடிவில் புத்தி பேதலித்தவரைப் போல நடந்துகொண்டார்கள். சொத்துக்கள் வேறொருவர் பொறுப்பில் விடப்பட்டன. வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். கி.பி. 1021-ல் ஹாகிமின் காலம் முடிந்த பிறகே, அவர் தெளிந்த அறிவுடையவர் என்பது வெளியே தெரிந்தது.

வேறு சில ஆசிரியர்கள் இந்த நிகழ்ச்சிகளை வேறு விதமாகவும் சொல்கின்றனர். பைத்தியம் போல நடித்தது சரிதானா என்று சிலர் கேட்கலாம். கொடுங்கோலின் முன்னே உயிருக்கு அஞ்சி நின்ற ஒரு மனிதரை, விசிறிக் காற்றில் அமர்ந்திருக்கும் நாம் எடை போடுவது எளிது. நாம் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய இடத்தை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணிச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, ஒரு பேரறிஞரின் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையாக்கிவிட்டது. நாவைக் காத்துக்கொள்ளும்படி மார்க்கம் நம்மை வற்புறுத்துவது கோள் சொல்லாமல் இருப்பதற்கு மட்டுமல்ல.

அஸ்ஹரின் வாசலில்

விடுதலையான பின் அவர்கள் மாளிகை தேடிப் போகவில்லை. ஜாமிஉல் அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு சிறிய குப்பாவில் குடியிருந்தார்கள். தொழுகை, கல்வி, எழுத்து, இவையே நாள் முழுவதும். வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? அவர்களுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆண்டுதோறும் யூக்ளிடின் கணித நூலையும் தாலமியின் வான நூலையும் அவற்றுக்கு இடைப்பட்ட பாட நூல்களையும் தம் கையால் பிரதி எடுப்பார்கள். அவற்றை 150 மிஸ்ரு தீனார்களுக்குக் கொடுப்பார்கள். அதற்குமேல் பேரமும் இல்லை, குறைப்பும் இல்லை. அந்த ஆண்டு முழுவதற்கும் அதுதான் ரிஜ்க்.

எவருடைய அறிவுக்கு மன்னர்கள் ஆள் அனுப்பினார்களோ அவர், கூலிக்கு நூல் எழுதிக் கொடுத்து ஹலாலாக உண்டார்கள். அரண்மனைச் சோறு எவ்வளவு கனமானது என்பதை அவர் ஒரு முறை அனுபவித்துவிட்டார்கள் அல்லவா?

கூலி வாங்காத உஸ்தாத்

பைஹகீ என்னும் வரலாற்றாசிரியர் இன்னொரு நிகழ்ச்சியை எழுதுகிறார். சிம்னான் பகுதியைச் சேர்ந்த ஸுர்காப் என்ற பிரபு ஒருவர் கல்வி கற்க வந்தார். மாதம் 100 தீனார் கொடுத்தால் சொல்லித் தருவதாக இப்னுல் ஹைதம் அவர்கள் கூறினார்கள். பிரபு தயங்கவில்லை. மூன்று ஆண்டுகள் தவறாமல் கொடுத்துக் கற்றார். விடைபெறும் நாள் வந்தது. உஸ்தாத் அவர்கள் அதுவரை வாங்கிய பணம் அத்தனையையும் எடுத்து அவர் முன்னே வைத்துவிட்டார்கள். செல்வந்தருக்குக் கல்வியின் மீது உண்மையான தாகம் இருக்கிறதா, அல்லது பொழுதுபோக்குக்கு வந்தாரா என்று சோதிப்பதற்காகவே அந்தத் தொகையைக் கேட்டதாகவும், நன்மையைக் கற்பிப்பதற்குக் கூலியோ கையூட்டோ அன்பளிப்போ தமக்குத் தேவையில்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஓதிக் கொடுக்கும் பணியில் இருக்கும் நம் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு சற்றுக் கனக்கிறது. உஸ்தாதுமார்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, அவர்களுடைய பிழைப்பை ஜமாஅத்தார் கவனிக்கத்தான் வேண்டும். ஆனாலும் எதற்காக ஓதிக் கொடுக்கிறோம் என்ற நிய்யத்தை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்ள இந்த நிகழ்ச்சி உதவுகிறது.

ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி

அவர்களின் நூல்களில் தலையாயது கிதாபுல் மனாளிர். ஏழு பாகங்கள் கொண்டது. கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருள்களைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் எழுதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று இப்னுல் ஹைதம் அவர்கள் காரணங்களோடும் சோதனைகளோடும் நிலைநாட்டினார்கள். கி.பி. 1200-ஐ ஒட்டி அந்நூல் லத்தீன் மொழிக்குப் போயிற்று. 1572-ல் பாஸல் நகரில் அச்சேறியது. ஐரோப்பாவின் ஒளியியல் அந்த நூலிலிருந்து பாடம் கற்றது.

பழைய நூல்களைப் படிப்பவன் அவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது, எதிர்வாதியாக நின்று ஆராய வேண்டும், அதே நேரத்தில் தன்னுடைய அறிவையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. தாலமியின் வான நூலில் தமக்குத் தோன்றிய ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார்கள். கிப்லாவின் திசையைக் கணக்கிட்டு அறியும் வழியைப் பற்றியும், நிலவின் ஒளியைப் பற்றியும், நிலவின் முகத்திலுள்ள கறையைப் பற்றியும் எழுதினார்கள். பழைய பட்டியல் ஒன்றில் அவர்களுடைய 92 நூல்களின் பெயர்கள் உள்ளன.

வட்டத்தைப் பற்றிய கிதாபு

ஹிஜ்ரி 419, ரஜப் மாதம். கி.பி. 1028. அப்போது அவர்களுக்கு வயது 65-ஐ ஒட்டியிருக்கும். அந்த மாதத்தில் ஹாலாவையும் வானவில்லையும் பற்றிய தம் நூலை எழுதி முடித்தார்கள். இந்த இரண்டும் பேய்களின் வேலையோ, சாவின் அறிவிப்போ அல்ல. ஒளிக்கும் மேகத்துக்கும் இடையே அல்லாஹ் வைத்திருக்கும் ஒழுங்கின்படி உண்டாகுபவை. ஆகவே கணிதத்தால் ஆராயத் தக்கவை. இதுதான் அவர்கள் தொடங்கிய இடம்.

தொடங்கிய இடம் சரி. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் சரியல்ல. இதை மறைக்காமல் சொல்வதுதான் அந்தப் பெரியாருக்கு நாம் செய்யும் மரியாதை. மேகம் குழிந்த கண்ணாடி போல நின்று சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வானவில் உண்டாகிறது என்று அவர்கள் எண்ணினார்கள். ஒளி நீர்த்துளிக்குள் நுழைந்து முறிந்து வருவதை அந்த நூல் காணவில்லை. நிலவின் வட்டத்தில் பனிக்கு இருக்கும் பங்கும் அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. ஒளி முறிவைப் பற்றி மற்றெல்லாரையும்விட நன்கு அறிந்தவருக்கே அந்த வாசல் திறக்கவில்லை. அறிவாளர் ஒவ்வொருவருக்கும் மேலே மற்றோர் அறிவாளரை வைத்திருப்பது அல்லாஹ்வின் வழக்கம்.

திருத்தியவரும் நம்மவரே

ஏறத்தாழ 300 ஆண்டுகள் சென்றன. தப்ரீஸ் நகரில் குத்புத்தீன் ஷீராஸீ என்ற பேரறிஞரிடம் கமாலுத்தீன் ஃபாரிஸீ என்ற மாணவர் கற்றுக்கொண்டிருந்தார். ஒளி முறிவைப் பற்றி அவருக்கு எழுந்த ஐயத்தைக் கேட்ட உஸ்தாத், இப்னுல் ஹைதம் அவர்களின் நூலைத் தாம் இளமையில் பார்த்ததை நினைவுகூர்ந்து, தூர தேசத்திலிருந்து தருவித்துக் கொடுத்தார். மாணவர் அதைக் கற்றார். விரிவுரை எழுதினார். தன்கீஹுல் மனாளிர் என்பது அந்த நூலின் பெயர்.

விரிவுரையோடு அவர் நிற்கவில்லை. ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பி, அதை ஒரு பெரிய மழைத்துளியாகக் கருதி, இருட்டறையில் ஒளியை அதன்மீது விழச் செய்து பார்த்தார். ஒளி துளிக்குள் நுழையும்போது ஒரு முறை முறிகிறது. உள்ளே பட்டுத் திரும்புகிறது. வெளியேறும்போது மறுபடி முறிகிறது. வானவில்லின் இரகசியம் வெளிப்பட்டது. இப்னுல் ஹைதம் அவர்கள் கற்றுத் தந்த சோதனை முறையைக் கொண்டே, இப்னுல் ஹைதம் அவர்களின் பிழை திருத்தப்பட்டது! மாணவர் உஸ்தாதை இழிவுபடுத்தவில்லை. உஸ்தாதின் பெயரைச் சொல்லிப் பிழையை மூடி வைக்கவும் இல்லை. கமாலுத்தீன் அவர்கள் கி.பி. 1319 வாக்கில் வஃபாத்தானார்கள்.

வட்டம் எப்படி உண்டாகிறது?

நிலவின் வட்டத்துக்கான விடை இன்னும் பின்னால், 17ஆம் நூற்றாண்டில், மாரியட் என்ற பிரெஞ்சு அறிஞரிடமிருந்து வந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அதை இங்கே எளிதாக எழுதுகிறோம்.

தரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும், ஆறு கிலோ மீட்டருக்கும் மேலே வானம் உறைபனிக் குளிராக இருக்கிறது. அங்கே மெல்லிய திரை போலப் படரும் வெண்மேகம் நீர்த்துளிகளால் ஆனதல்ல, நுண்ணிய பனிப் படிகங்களால் ஆனது. அவை ஆறு பட்டை கொண்டவை. பிள்ளைகள் எழுதும் ஆறு பட்டைப் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வடிவம். நிலவின் ஒளி ஒரு பட்டையில் நுழைந்து, அடுத்த பட்டையை விட்டு அதற்கும் அடுத்த பட்டையில் வெளியேறுகிறது. இந்த இரு பட்டைகளுக்கும் இடையிலுள்ள சாய்வு 60 பாகை. அப்படி வெளியேறும் ஒளி குறைந்தது சுமார் 22 பாகை வளைந்துதான் வருகிறது. அதற்குக் குறைந்து வளைவதில்லை. பெரும்பாலான ஒளி அந்த 22 பாகையை ஒட்டியே குவிகிறது. ஆகவே நிலவிலிருந்து 22 பாகை தள்ளி, சுற்றிலும் ஒளி தெரிகிறது. அதுதான் வட்டம். அதன் உள்பக்கம் வானம் சற்று இருண்டு காண்பதும், உள் ஓரம் இலேசாகச் சிவந்து தெரிவதும் இதனால்தான்.

கையை நன்றாக நீட்டி விரல்களை விரித்துப் பெருவிரலை நிலவின்மீது வைத்தால், சுண்டுவிரலின் நுனி ஏறக்குறைய வட்டத்தைத் தொடும். கருவி வாங்க வசதியில்லாத ஏழையின் கையிலும் அல்லாஹ் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறான். சூரியனைச் சுற்றியும் இதே வட்டம் தோன்றும். ஆனால் சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும். ஒரு சுவரோ மரமோ சூரியனை மறைக்கும்படி நின்றுகொண்டு பார்க்க வேண்டும். சில வேளைகளில் நிலவை ஒட்டினாற்போல் சிறியதாக ஒரு வண்ண வளையம் தெரிவதுண்டு. அது பெரும்பாலும் நீர்த்துளிகளால் உண்டாவது, வேறு வகையைச் சேர்ந்தது.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். உங்கள் கண்ணுக்கு ஒளி தரும் படிகங்கள் வேறு, பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு ஒளி தரும் படிகங்கள் வேறு. ஒரே வட்டத்தை இருவர் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அடியானுக்கும் தனித் தனியாக ஒரு வட்டம்!

நாம் பெறும் படிப்பினை

ஹிஜ்ரி 10-ல் பெருமானார் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இப்ராஹீம் (ரலி) அவர்கள் வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மறைவுக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பெற்ற மகனைப் பறிகொடுத்த அந்தத் துயரத்திலும் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமடைவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தமக்கே பெருமை சேர்க்கும் ஒரு பொய்யைக்கூட அவர்கள் வாழ விடவில்லை. அந்த நபியின் உம்மத்தாகிய நாம், நிலவைச் சுற்றி ஒரு வட்டத்தைக் கண்டதும் அண்டை வீட்டாரின் மவுத்தைக் கணிப்பது தகுமா?

கிரகணத்துக்குத் தொழுகை உண்டு. இந்த வட்டத்துக்கென்று தனித் தொழுகையோ, நோன்போ, பரிகாரமோ மார்க்கத்தில் விதிக்கப்படவில்லை. கர்ப்பிணிகள் அஞ்சி ஒடுங்கத் தேவையில்லை. தாயத்துக்காரருக்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. இத்தகைய மேகத்தைத் தொடர்ந்து சில வேளை மழை வருவதுண்டு, வராமல் போவதும் உண்டு. கண்டால் சுப்ஹானல்லாஹ் என்று சொல்லுங்கள். பிள்ளைகளை உள்ளே தள்ளாமல் வெளியே அழைத்து வந்து காட்டுங்கள். கையை நீட்டி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்னுல் ஹைதம் என்ற பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

அப்படிச் சொல்லும்போது, அவர் எல்லாம் அறிந்தவர் என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்க்காத நதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வருந்தினார், முடியாது என்று மன்னரிடமே ஒப்புக்கொண்டார், கையால் எழுதி ஹலாலாகச் சாப்பிட்டார், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், இந்த வட்டத்தின் காரணத்தைத் தேடினார், முழுதும் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள் என்று முழுக்கதையையும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாத பிள்ளை வளர்ந்தால், அந்த வீட்டில் இல்மின் பரக்கத் இறங்கிவிட்டது என்று பொருள்.

இப்னுல் ஹைதம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 430-ஐ ஒட்டி, கி.பி. 1040 வாக்கில், காஹிராவில் வஃபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் தவறுகளைப் பொறுத்து, உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! வானத்தையும் பூமியையும் பார்த்துச் சிந்திக்கும் கூட்டத்தாரில் நம்மையும் நம் சந்ததிகளையும் சேர்ப்பானாக! ஆமீன்.